ஊராட்சியும் ஊர்ப்பணமும்

நாட்டின் ஆட்சி என்றதும் பெரும்பாலோரின் மனக்கண்முன் தோன்றுவது பாராளுமன்றமே. அங்கு நிகழும் வாதங்களும், அமைச்சரவை மாற்றங்களும், வரவுசெலவுத் திட்ட உரையுமே பத்திரிகைகளின் முதற்பக்கங்களை நிரப்புகின்றன. ஆயினும், ஊரில் வாழும் ஒருவர் காலையில் எழுந்து படலையைத் திறந்து வெளியே காலடி வைத்ததும் அவரை எதிர்கொள்ளும் ஆட்சி வேறொன்றாகும். அவர் மிதிக்கும் கிறவல் ஒழுங்கை, அதன் குறுக்கே மாரிவெள்ளம் பாயும் மதகு, சந்திக்குச் சந்தி நிற்கும் தெருவிளக்கு, மரக்கறி விற்கும் சந்தை, மாலையில் பத்திரிகை வாசிக்கும் சனசமூக நிலையம், இறுதியில் உடல் சென்று சேரும் சுடலை ஆகிய இவை யாவும் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பில் அடங்குவன. தொட்டில் தொடங்கிச் சுடலைவரை மனிதனோடு கூட வரும் ஆட்சி இதுவேயெனினும் தவறாகாது.

இத்தகைய மன்றமொன்று மாதந்தோறும் கூடி ஆற்றும் சாதாரணக் கருமங்களைப் பற்றியும், கையிலுள்ள சிறு தொகையை அது எவ்வாறு பங்கிடுகின்றது என்பதைப் பற்றியும் சற்று ஆராய்வது பயனுடையதாகும். இதற்கு உதாரணமாக வன்னிப் பெருநிலத்திலுள்ள மல்லாவியை எடுத்துக்கொள்வோம்.

மாங்குளத்திலிருந்து மேற்கு நோக்கி வெள்ளாங்குளம் செல்லும் வீதியில் அமைந்துள்ள ஊர் மல்லாவி. முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரிவைச் சேர்ந்தது. சுற்றிலும் வயல்கள், அவ்வயல்களுக்கு அப்பால் காடு. இப்பகுதியின் உயிர்நாடி, பாலியாற்றை மறித்துக் கட்டப்பட்ட வவுனிக்குளம். பண்டைக்காலத்துக் குளமாகிய இது தூர்ந்து கிடந்து, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே புனரமைக்கப்பட்டது. அதன் கீழ்க் குடியேறிய குடும்பங்கள் காட்டை வெட்டிக் கழனியாக்கின. பின்னர் வந்த போர்க்காலம் அக்குடும்பங்களை ஊரூராக அலைய வைத்தது. 2008ஆம் ஆண்டில் ஊர் முழுவதுமே வெறுமையாயிற்று. 2009ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிலிருந்து மக்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்து, கூரை இழந்த வீடுகளையும் பற்றை மண்டிய ஒழுங்கைகளையும் மீண்டும் சீர்செய்யத் தொடங்கினர். இத்தகைய ஓர் ஊரிலே ஒரு மதகும் ஒரு விளக்கும் வெறும் வசதிகள் மட்டுமல்ல. வாழ்வு மீண்டது என்பதற்கு அவை சான்றுகளுமாகும்.

மல்லாவியை உள்ளடக்கிய மன்றம் துணுக்காய் பிரதேச சபையாகும். இது ஒரு நாளில் முளைத்த தாபனமன்று. இலங்கையில் கிராமச் சங்கங்களுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம். 1924ஆம் ஆண்டில் அது திருத்தியமைக்கப்பட்டது. பின்னாளில் கிராம சபைகள் என்றும் பட்டின சபைகள் என்றும் அவை பெயர்பெற்று விளங்கின. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் தோன்றியபோது கிராம சபைகளும் பட்டின சபைகளும் மறைந்தன. மாவட்டம் என்னும் பெரிய அலகு ஊரிலிருந்து வெகுதூரத்திற்கு விலகி நின்றமையால், அவ்வேற்பாடு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நிறைவேற்றப்பட்டு, 1988 தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் போரின் காரணமாக வன்னியின் பல பகுதிகளில் மக்கள் தெரிவுசெய்த சபை நெடுநாள் அமையவில்லை. துணுக்காயில் 2011ஆம் ஆண்டிலே தேர்தல் நடைபெற்றது. அதன்பின் 2018இலும் 2025இலும் மக்கள் வாக்களித்துத் தமது பிரதிநிதிகளைத் தெரிந்தெடுத்தனர்.

சபையின் கடமையைச் சட்டம் சுருக்கமாக வரையறுக்கின்றது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் போக்குவரத்துப் பாதைகள் ஆகியவற்றைப் பராமரித்தலும், பொதுவாக மக்களின் சௌகரியத்தையும் நலனையும் பேணுதலுமே அது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கடமைக்கு எல்லைகள் பலவுண்டு. மல்லாவியின் நடுவே செல்லும் பெருவீதி சபைக்குரியதன்று. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்தது. வேறு சில வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. வவுனிக்குளமும் அதன் வாய்க்கால்களும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியவை. பாடசாலை கல்வித் திணைக்களத்தினது. வைத்தியசாலை சுகாதாரத் திணைக்களத்தினது. எஞ்சிய உள்வீதிகளும் ஒழுங்கைகளுமே சபையின் கைக்கு வருவன. பொதுமக்களோ இவ்வேறுபாடுகளை அறியார். எவ்வீதி உடைந்தாலும் அவர்களின் கண்ணுக்குத் தெரிபவர் வட்டார உறுப்பினர் ஒருவரே.

சந்தியிலுள்ள தேநீர்க்கடையில் இவ்வாறான உரையாடல் ஒன்று காதில் விழுவது இயல்பே:

“தம்பி, போன மாரிக்கு உடைஞ்ச ரோட்டு, இன்னும் அப்பிடியே கிடக்கு. வோட்டுக் கேட்டு வரேக்க மட்டும் வழி தெரிஞ்சதோ?”

“ஐயா, அந்த ரோட்டு எங்கட சபையின்ர இல்லை. மாகாணத்தின்ரை. நாங்கள் கடிதம் போட்டிருக்கிறம்.”

“ஆற்றை ரோட்டெண்டாலும், விழுந்து முழங்கால் உடையிறது எனக்குத்தானே?”

முதியவரின் கேள்வியில் நியாயமுண்டு. உறுப்பினரின் விடையிலும் உண்மையுண்டு. இவ்விரண்டிற்கும் இடையே நின்று வழி காண்பதுதான் சபையின் அன்றாட வேலை.

சபை மாதத்துக்கு ஒரு முறையேனும் கூடவேண்டுமென்பது சட்டவிதி. தவிசாளர் தலைமை தாங்குவார். செயலாளர் ஏடுகளைப் பேணுவார். சென்ற கூட்டத்தின் கூட்டறிக்கை வாசிக்கப்பட்டு உறுதிசெய்யப்படும். வந்த கடிதங்கள் முன்வைக்கப்படும். கடந்த மாதத்து வரவும் செலவும் சபையின் பார்வைக்கு வரும். பின்னர் குழுக்களின் சிபாரிசுகளும் உறுப்பினர்களின் பிரேரணைகளும் ஆராயப்படும். ஒருவர் முன்மொழிவார்; இன்னொருவர் வழிமொழிவார்; கருத்து வேறுபாடு எழுந்தால் வாக்கெடுப்பு நடைபெறும். குழுக்களைப் பற்றியும் சட்டம் விதந்து கூறுகின்றது. நிதியும் கொள்கை வகுத்தலும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழினுட்பச் சேவைகள், சூழலும் வசதிகளும் எனக் குழுக்கள் நான்கு வகைப்படும். உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் இக்குழுக்களிற் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியரும், அனுபவமுள்ள கமக்காரரும், மாதர் சங்கத்துப் பெண்மணியும் வாக்குக் கேட்டுத் திரியாமலே ஊர்க்கருமத்திற் பங்குகொள்வதற்கு இது நல்லதொரு வாயில். இவ்வாயிலை அறிந்தோர் சிலரே என்பது வருந்தத்தக்கது.

இக்கூட்டங்களிற் பேசப்படுபவை பெரும்பாலும் சிறு விடயங்களே. எந்தச் சந்தியில் விளக்குப் பொருத்துவது. சந்தைக் கடைகளின் குத்தகையை எவ்வளவுக்குக் கேள்வி கோருவது. குப்பை அள்ளும் உழவு இயந்திரத்தைத் திருத்துவதா, புதியது வாங்குவதா. வரட்சிக் காலத்தில் எந்தக் குடியிருப்புக்கு முதலில் தண்ணீர்ப் பவுசரை அனுப்புவது. இறைச்சிக் கடைக்கு உரிமம் வழங்குவதா, விடுவதா. சுடலைக்குச் செல்லும் பாதையில் கிறவல் பரவுவது எப்போது. வெளியூர்ப் பத்திரிகை நிருபர் ஒருவர் வந்திருந்தால் எழுதுவதற்கு ஒன்றுமில்லையென்று எழுந்து சென்றுவிடுவார். ஆனால், யானை நடமாடும் காட்டோரக் குடியிருப்பில் இரவு வேளை வைத்தியசாலைக்குப் போகவேண்டிய கர்ப்பிணி ஒருத்திக்கு, அச்சந்தியில் ஒரு விளக்கு எரிகின்றதா என்பது உயிர்ப்பிரச்சினையாகும்.

இனி, பணம் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்ப்போம். சபைக்கெனச் சபை நிதியம் என்றொன்று உண்டு. அதிற் சேருவன பல. கட்டடங்கள் செறிந்த பகுதியெனப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களிலுள்ள ஆதனங்களுக்கு அறவிடப்படும் சோலைவரி, வியாபார உரிமக் கட்டணம், கைத்தொழில்களுக்கும் வாகனங்களுக்கும் களியாட்டங்களுக்கும் விதிக்கப்படும் வரிகள், சந்தைக் குத்தகை, நீதிமன்றத் தண்டப்பணம், காணிகள் கைமாறும்போது பெறப்படும் முத்திரைத் தீர்வை, இவற்றோடு மாகாணத்தினதும் மத்திய அரசினதும் உதவித்தொகைகள்.

பட்டியல் நீண்டதாயினும் மல்லாவி போன்ற ஊரிலே ஒவ்வொன்றும் சிறுத்துப் போவதற்குக் காரணங்களுண்டு. சோலைவரி கடைத்தெருவையும் அதனை அடுத்த பகுதிகளையும் தாண்டுவதில்லை. பரந்து கிடக்கும் வயலும் தோட்டமும் அதில் அகப்படா. முத்திரைத் தீர்வையைக் கொழும்பு போன்ற நகரங்களிலுள்ள மன்றங்கள் பெரும் வருமானமாகக் கொள்கின்றன. அங்கே வீடும் வளவும் நாள்தோறும் உறுதி எழுதிக் கைமாறுகின்றன. குடியேற்றத் திட்டப் பகுதிகளிலோ காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. நினைத்தபடி விற்கக்கூடியன அல்ல. கைமாற்றம் இல்லாதவிடத்து முத்திரைத் தீர்வையும் இல்லை. பெரிய தொழிற்சாலைகள் இல்லாதவிடத்து தொழில் வரியும் சிறிதே. ஆகவே, வீதியின் நீளம் அதிகமாகவும் வீட்டின் தொகை குறைவாகவும் உள்ள சபையிடமே பணமும் குறைவாக இருக்கின்றது. பரப்புக்கு ஏற்பச் செலவு வளர்கின்றது; வருமானமோ கடைத்தெருவின் அளவிலேயே நின்றுவிடுகின்றது. வன்னிச் சபைகள் உதவித்தொகையை எதிர்பார்த்து நிற்பதற்கு அவற்றின் சோம்பல் காரணமன்று, இவ்வமைப்பே காரணம்.

இந்நிலையில் ஒரு சபையின் தகுதியை எதனைக்கொண்டு அளப்பது? எவ்வளவு செலவிட்டது என்பதைக்கொண்டு அன்று; எதனை முதலிற் செய்தது, ஏன் அதனை முதலிற் செய்தது என்பதைக்கொண்டே அளத்தல் வேண்டும். இங்கேதான் ஊராட்சியின் உண்மையான சோதனை இருக்கின்றது.

ஒரு கணக்கைக் கற்பனையாகக் கொள்வோம். ஒரு சபையில் உறுப்பினர் பத்துப்பேர். ஆண்டின் அபிவிருத்தி வேலைகளுக்கென ஐம்பது இலட்சம் ரூபா எஞ்சுகின்றது. ஆளுக்கு ஐந்து இலட்சமாகப் பிரித்துவிட்டால் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும். கூட்டமும் விரைவில் முடியும். ஆனால் ஒரு வட்டாரத்தில் உடைந்த மதகைக் கட்டுவதற்கு இருபது இலட்சம் வேண்டும். ஐந்து இலட்சத்தில் அதனைக் கட்ட இயலாது. ஆதலின் அவ்வுறுப்பினர் கிடைத்த பணத்துக்கு ஒழுங்கையிலே கிறவல் கொட்டுவிப்பார். மார்கழி மழை வந்து கிறவலையும் அள்ளிக்கொண்டு போகும். மதகும் உடைந்தபடியே கிடக்கும். மறு ஆண்டும் அவ்வாறே. நான்கு ஆண்டுகளிலே, ஒரு மதகைக் கட்டப் போதுமான பணம் வெள்ளத்தோடு போய்விடும். சமபங்கு நியாயம்போலத் தோன்றினும், தேவையின் அளவு சமமல்லாதவிடத்து அது நியாயமாகாது.

இவ்வுண்மையை வவுனிக்குளத்துக் கமக்காரருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சிறுபோகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது என்பதை உத்தியோகத்தர் அறிவிக்கின்றார். நீர் போதாதெனின், எல்லோரும் முழுக் காணியிலும் விதைப்பதென்று ஒருவரும் பிடிவாதம் பிடிப்பதில்லை. எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருடைய பங்கில் விதைப்பது, எந்த நாளில் எந்த வாய்க்காலுக்கு நீர் விடுவது என்று பேசி முடிவு செய்கின்றனர். வாக்குவாதமும் உண்டு; குரல் உயர்வதும் உண்டு. ஆயினும் முடிவு எடுத்தபின் முறைப்படியே நீர் பாய்கின்றது. எல்லா வாய்க்கால்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் கடைமடைக்கு ஒரு துளியும் சேராது என்பதை அனுபவம் அவர்களுக்கு உணர்த்தியிருக்கின்றது. நீருக்கு உள்ள இம்முறை பணத்துக்கும் பொருந்தும். இவ்வாண்டு இந்த மதகு, அடுத்த ஆண்டு அந்தப் பாதை என்று முறை வைத்து, அம்முறையை எழுதி, எல்லோரும் காணும்படி தொங்கவிட்டு, அதன்படி நடப்பதே நல்ல சபைக்கு அடையாளம்.

முறை வைப்பதற்குத் துணிவு வேண்டும். இவ்வாண்டு தன் வட்டாரத்துக்குப் பங்கில்லையென்று ஒப்புக்கொள்ளும் உறுப்பினர் தம் அயலவரிடம் ஏச்சுக் கேட்க வேண்டிவரும். அவ்வேச்சைத் தாங்குவதற்கு அவருக்கு வேண்டியது ஒரு காரணம். அக்காரணம் கூட்டறிக்கையிலே தெளிவாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ‘அந்த மதகின் வழியாகப் பள்ளிப்பிள்ளைகள் போகின்றனர், நெல் ஏற்றும் உழவு இயந்திரங்களும் போகின்றன, ஆகவே அது முதலில்’ என்று எழுதிய ஒரு வரி, ஊரில் எழும் நூறு வதந்திகளை அடக்கிவிடும். கூட்டறிக்கை வெறும் சடங்கு ஏடன்று. அது ஊரின் ஞாபகம்.

இத்தகைய கருத்துகள் தமிழருக்குப் புதியன அல்ல. உத்தரமேரூர்க் கோயிற் சுவரிலே முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையால் வாரியங்கள் தெரிவுசெய்யப்பட்ட விதத்தை விரிவாகக் கூறுகின்றன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பல வாரியங்கள் இருந்தன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கணக்குக் காட்டுதலை முதல் தகுதியாகக் கொண்டிருந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. அதே வேளையில், அச்சபை பிராமணக் குடியிருப்பொன்றின் சபையென்பதையும், நிலமுடைய ஆடவர்க்கே அதில் இடமிருந்தது என்பதையும் மறத்தல் கூடாது. இக்காலத்துப் பிரதேச சபையிலோ வரம்பு கட்டிய வயலுடையவரும் கூலிக்கு நாற்று நடுபவரும் சமமாக வாக்களிக்கின்றனர். பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு இடம் ஒதுக்கப்படவேண்டுமென்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. குடிநீரின் அருமையையும் இருண்ட ஒழுங்கையின் அச்சத்தையும் நன்கறிந்தோர் பெண்களே ஆதலின், முறை வைக்கும்போது அவர்களின் குரல் இன்றியமையாதது.

அயல்நாட்டு அனுபவமும் இதனையே வலியுறுத்துகின்றது. கேரள மாநிலத்தில் 1996ஆம் ஆண்டில் மக்கள் திட்டமிடல் இயக்கம் தொடங்கப்பட்டபோது, மாநிலத் திட்ட நிதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளூர் மன்றங்களின் கைக்கு விடப்பட்டது. கிராம சபைகளில் ஊரார் கூடித் தமது தேவைகளை வரிசைப்படுத்தினர். பிறேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரிலும் 1989ஆம் ஆண்டு தொடக்கம் நகராட்சியின் செலவுத் திட்டத்தை மக்களே அயல்தோறும் கூடி ஆராயும் வழக்கம் உருவாயிற்று. இவற்றிலும் குறைகள் இருந்தன. ஆயினும், எது முதலில் என்ற கேள்வியை மக்கள் முன் வைத்தால் அவர்கள் அதற்குப் பொறுப்போடு விடையிறுப்பர் என்பதை இவை காட்டின.

அக்கேள்வியைக் கேட்பதற்கே இடமில்லாமற் போனால் என்னவாகும்? அதனையும் நம் நாடு அண்மையில் அனுபவித்தது. 2018இல் தெரிவான மன்றங்களின் பதவிக்காலம் நீடிக்கப்பட்டு 2023 மார்ச் மாதத்தில் முடிவுற்றது. அம்மாதம் 9ஆம் திகதி நடைபெறவிருந்த தேர்தல், அதற்கான பணம் திறைசேரியிலிருந்து விடுவிக்கப்படாமையால் நடைபெறவில்லை. ஊர்ப்பணத்தைப் பங்கிடும் மன்றங்களே பணமில்லையென்ற காரணத்தால் இல்லாமற் போனது காலத்தின் விந்தை. தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென உயர்நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி தீர்ப்பளித்தது. ஈற்றில் 2025 மே 6ஆம் திகதி 339 மன்றங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. அவற்றின் பதவிக்காலம் யூன் 2ஆம் திகதி தொடங்கியது.

இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் சபைகளை உத்தியோகத்தர்களே நடத்தினர். குப்பை அள்ளப்பட்டது, விளக்குகள் எரிந்தன, உரிமங்கள் வழங்கப்பட்டன. அவ்வாறாயின் உறுப்பினர்கள் எதற்கு என்று கேட்போரும் உளர். வீண் சண்டையும் படிச்செலவும் மிச்சமென்று கூறுவோரும் உளர். இக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிடுதல் தகாது. சில சபைகளிலே கூட்டங்கள் கட்சிச் சண்டையில் கழிவதை மக்கள் கண்டிருக்கின்றனர். யாழ்ப்பாண மாநகர சபையில் 2020 டிசம்பரில் வரவுசெலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்கடிக்கப்பட்டு, மாநகர முதல்வர் பதவியிழந்த நிகழ்ச்சியும் ஞாபகத்திலிருந்து மறையவில்லை.

எனினும், சிந்தித்துப் பார்த்தல் வேண்டும். உத்தியோகத்தர் எவ்வளவு நேர்மையானவராயினும் அவர் மேலிடத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்; இடமாற்றம் வந்தால் வேற்றூருக்குச் செல்பவர். இந்த மதகை விட்டு அந்த மதகை ஏன் கட்டினீர்கள் என்று கடைமடைக் கமக்காரன் ஒருவன் அவரைக் கேட்டுப் பதில் பெறுவது எளிதன்று. உறுப்பினரோ அதே ஊரில் வாழ்பவர். அதே சந்தையில் மரக்கறி வாங்குபவர். திருவிழாவிலும் செத்தவீட்டிலும் அவ்வூராரை முகத்துக்கு முகம் சந்திக்க வேண்டியவர். தேநீர்க்கடையில் முதியவர் கேட்ட கேள்விக்குத் தப்பியோட அவரால் இயலாது. அக்கேள்விக்கு ஓர் ஆள் அகப்படுவதே ஊராட்சியின் பெறுமதி. 2023க்கும் 2025க்கும் இடையில் ஊர்கள் இழந்தது விளக்கையோ மதகையோ மட்டுமன்று. கேள்வி கேட்பதற்குரிய அந்த ஆளையே அவை இழந்தன.

ஆளைப் பெற்ற பின்னரும் கேள்வி கேளாதிருப்பது மக்களின் குறையாகும். தவிசாளர் தயாரிக்கும் வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வருமுன்னர் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகின்றது. அலுவலகத்துக்குச் சென்று அதனைப் புரட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி தொடக்கம் நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரசையும் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பித்து, எவ்வேலைக்கு எவ்வளவு செலவாயிற்று, யாருக்குக் குத்தகை வழங்கப்பட்டது, கூட்டறிக்கையில் என்ன எழுதப்பட்டது என்று கேட்டறியலாம். கணக்காய்வாளர் நாயகம் சபையின் கணக்குகளைப் பரிசோதிக்கின்றார். அது ஆண்டுக்கணக்கிலே பிந்தி வருவது. ஊராரின் கண்ணோ நாள்தோறும் பரிசோதிக்க வல்லது. கிறவலின் கனம் எத்தனை அங்குலம் என்பதை அவ்வழியே சைக்கிளிற் செல்பவனே முதலில் அறிவான்.

கேட்கும் உரிமையோடு கொடுக்கும் கடமையும் சேர்ந்தே வரும். ஆண்டுச் சோலைவரி முழுவதையும் ஜனவரி 31ஆம் திகதிக்கு முன்னர் கட்டுவோருக்குப் பத்து வீதக் கழிவு வழங்கப்படுகின்றது. இருந்தும் வரிநிலுவை வைத்திருப்போர் எங்கும் உள்ளனர். சிறு தொகைதானே என்று பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், சபையின் கையிலே சொந்தமாக விழும் பணம் அதுவே. உதவித்தொகை ஒவ்வொன்றும் இன்ன வேலைக்கென்று நிபந்தனையோடு வரக்கூடியது. சொந்த வருமானமோ ஊரார் விரும்பிய முறைக்குச் செலவிடக்கூடியது. வரி கட்டியவனுக்கு, என் பணம் எங்கே என்று கேட்பதற்கு நா எழும். கட்டாதவன் சபை வாசலுக்குச் செல்லவே கூசுவான். இவ்வாறு நோக்கின், சோலைவரிப் பற்றுச்சீட்டு ஊராட்சியில் ஒருவர் வகிக்கும் பங்கின் உறுதிப் பத்திரமாகும்.

போரின் பின் ஊர் திரும்பியவர்கள் தம் கையாலேயே பற்றை வெட்டிப் பாதை கண்டவர்கள். அவர்களுக்கு வேண்டியது பெரிய வாக்குறுதிகள் அல்ல. கையிலுள்ள சிறு பணம் முறையாகப் பங்கிடப்படுகின்றது, அதற்குக் காரணம் எழுதப்பட்டிருக்கின்றது, தம் முறையும் ஒரு நாள் வரும் என்ற நம்பிக்கையே வேண்டும். அந்நம்பிக்கை உள்ள ஊரிலே, இவ்வாண்டு விளக்குப் பெறாத சந்தியில் வாழ்பவரும் பொறுத்திருப்பர். அஃதில்லாத ஊரிலே, விளக்குப் பெற்றவரும் நிறைவடைவதில்லை.

வாய்க்காலில் நீர் விட்ட நாளிலே கமக்காரன் குளக்கட்டில் நின்று பார்ப்பதில்லை. மண்வெட்டியைத் தோளிற் சுமந்துகொண்டு கடைமடைக்கு நடக்கின்றான். அங்கே நீர் சேர்ந்தால் முறை சரியாக நடந்தது. சேராவிட்டால் எங்கோ மடை உடைந்தது. சபை கூடும் நாளிலும் ஊரார் அவ்வாறே செய்தல் நன்று. கடைசி ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குச் சபையின் பணி சென்று சேர்ந்ததா என்று பார்த்து, சேராவிட்டால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் உறுப்பினரிடம் சென்று கேட்பார்களாயின், அவ்வூரின் ஆட்சி அவ்வூராரின் கையிலேயே இருக்கும்.